ஒரு லாட், மூன்று வரி: அட்டவணை எண்களை முழுமையாக்கவும் வடிவமைக்கவும் ஒரு முழு வழிகாட்டி

போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கடைக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு லாட், அதாவது ஒரே தொகுப்பாக விற்ற சரக்கு, 48.200 கிலோ, கிலோ 2,437 ரூபாய். ஆக 1,17,463 ரூபாய் 40 பைசா. இதுவரை யாருக்கும் சண்டையில்லை. சண்டை வரியில் வந்தது. உள்ளூர் வியாபாரிக்குப் போட்ட பில்லில் என் நிரல் மொத்த வரியை 5,873.16 என்று அச்சிட்டிருந்தது. கணக்குப்பிள்ளை பேனாவால் போட்டுப் பார்த்ததில் 5,873.18. அதே எடை, அதே விலையில் கேரளத்துக் குமுளிக்கு அனுப்பிய இன்னொரு பில்லில் 5,873.17.

முதலாளி மூன்று தாளையும் மேசையில் பரப்பினார். "தம்பி, காய் ஒன்று, விலை ஒன்று. வரி மட்டும் எப்படி மூன்று?"

மூன்றுமே ஏதோ ஒரு விதிப்படி சரியானவை என்பதுதான் வேடிக்கை. உலர்ந்த ஏலக்காய்க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். தமிழ்நாட்டுக்குள் விற்றால் அது மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று இரண்டாகப் பிரியும். எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான வரி) 5 என்று ஒரே வரியாக இருக்கும். 1,17,463.40-இல் 5 சதவீதம் 5,873.17. அதில் முழுமையாக்க, அதாவது ரவுண்டு செய்ய, ஒன்றுமில்லை. 2.5 சதவீதமோ 2,936.585. அந்தக் கடைசி 5 தான் வம்புக்காரன். மேலே தள்ளினால் 2,936.59, இரண்டும் சேர்ந்து 5,873.18. இரட்டைப்படை இலக்கத்துக்குத் தள்ளினால் 2,936.58, சேர்ந்து 5,873.16. கணக்குப்பிள்ளை பள்ளியில் படித்தபடி மேலே தள்ளினார். என் நிரல் நான் சொல்லாமலே இரட்டைப்படைக்குத் தள்ளியது.

அன்றிலிருந்து எண் அட்டவணை எதை எழுதினாலும் நான் பின்பற்றுகிற வரிசையைக் கீழே தருகிறேன். பைத்தான் என்ற நிரல்மொழியை வைத்துச் சொல்கிறேன், மற்றவை இடையிடையே வரும். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அந்தந்த மொழியின் எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் தாள், பிறகுதான் கணினி

அட்டவணையின் ஒவ்வொரு பத்திக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். அலகு என்ன? எத்தனை தசம இடம்? எந்த இடத்தில், எந்த விதியால் முழுமையாகிறது?

எங்கள் கடைக்கு நான் எழுதியது இது. எடை கிலோவில், மூன்று தசமம், முழுமையாக்கல் கிடையாது, தராசு காட்டுவதே கணக்கு. விலை ரூபாயில், இரண்டு தசமம், அதுவும் உள்ளீடுதான். தொகை இரண்டு தசமம், எடையையும் விலையையும் பெருக்கியவுடன் ஒரே ஒரு முறை முழுமையாகும். வரி இரண்டு தசமம், மத்திய வரிக்கும் மாநில வரிக்கும் தனித்தனியாக, அரையும் அதற்கு மேலும் மேலே. ஈரப்பதம் ஒரு தசமம், பார்வைக்கு மட்டும், எந்தக் கணக்கிலும் நுழையாது.

எடைக்கு ஏன் மூன்று தசமம் என்று கேட்கலாம். 48.2 என்பதும் 48.200 என்பதும் கணினிக்கு ஒன்றுதான், படிப்பவருக்கு ஒன்றல்ல. பின்னது "கிராம் வரை பார்த்தேன்" என்று சொல்கிறது. எங்கள் தராசு 50 கிராம் படியில்தான் நகரும். அதனால் கடைசி இலக்கம் எப்போதும் பூஜ்யமாகவே இருக்கும். இருந்தாலும் கடைக்காரர்கள் எடையைக் கிராமில் படித்தே பழகியவர்கள், அதனால் மூன்றையும் விட்டுவைத்தேன். ஈரப்பதத்துக்கு அந்தச் சலுகை இல்லை. கருவி ஒரு தசமம்தான் காட்டுகிறது என்றால், சராசரி எடுத்துவிட்டு 10.4333 என்று அச்சிடுவது பொய் சொல்வதற்குச் சமம்.

படி 2: கணினி பின்னத்தை எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள்

பைத்தானில் ரவுண்ட்(2.675, 2) என்று தட்டுங்கள். 2.68 வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வருவது 2.67. இரட்டைப்படை விதியும் இதற்குக் காரணமில்லை. அந்த விதிப்படியும் 2.68 தான் வரவேண்டும். காரணம், 2.675 என்ற எண்ணே கணினிக்குள் இல்லை. அது வைத்திருப்பது 2.67499999999999982… அரைக்கும் கீழே இருப்பதால் கீழே போகிறது.

இதைப் புரிந்துகொள்ள நம் பழைய வாய்பாடு நன்றாக உதவும். அரை, கால், முக்கால், அரைக்கால், வீசம்: இவை இரண்டால் மீண்டும் மீண்டும் பகுத்து வருபவை. வீசம் பதினாறில் ஒன்று. இருமத்தில் (0, 1 என்ற இரண்டே இலக்கங்களில்) எண்களை வைக்கும் கணினிக்கு இவை பிசிறில்லாமல் அடங்கும். மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இவற்றின் பகுதியில் ஐந்து ஒளிந்திருக்கிறது. இருமத்தில் ஐந்தால் வகுத்தால் மூன்றால் வகுத்தது போலத் தீராமல் ஓடும், எங்கோ ஓரிடத்தில் வெட்டத்தான் வேண்டும். ஆகவே 0.0625 கணினிக்குள் பத்திரமாக இருக்கும், 0.05 இருக்காது. நம் பைசா நூறில் ஒன்று. 1957 ஏப்ரல் 1 அன்று அணாவை விட்டுத் தசம நாணயத்துக்கு வந்தபோது மனிதனுக்குக் கணக்கு எளிதானது. பதினாறணாக் கணக்கு இருந்திருந்தால் ஃப்ளோட் (பின்னங்களை இருமத்தில் வைக்கும் எண்) வகைக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும்.

ஜாவாஸ்கிரிப்டிலும் இதே கதைதான். 1.005-ஐ டு-ஃபிக்ஸ்ட் மூலம் இரண்டு தசமத்துக்குக் கொண்டுவந்தால் 1.00 கிடைக்கும், 1.01 கிடைக்காது.

படி 3: பணத்துக்கு ஃப்ளோட் வேண்டாம்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எண்ணைத் தசமமாகவே வைத்திருக்கும் டெசிமல் வகை. பைத்தானில் டெசிமல் எண்ணை உருவாக்கும்போது மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுங்கள்: டெசிமல்("2.675"). மேற்கோள் இல்லாமல் கொடுத்தால் ஏற்கெனவே பிசிறு ஏறிய ஃப்ளோட்தான் உள்ளே போகும், வால் நீண்ட எண்ணோடு திரும்பி வரும். கோப்பிலிருந்து பாண்டாஸ் (பைத்தானின் அட்டவணைத் தொகுதி) மூலம் படிக்கும்போதும் பணப் பத்திகளைச் சரமாகவே படிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றுங்கள். தரவுத்தளத்தில் நியூமெரிக் அல்லது டெசிமல் பத்தி வையுங்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும் முழு எண்ணாக வைப்பது: பணம் பைசாவில், எடை கிராமில். எனக்கு இதுதான் பிடிக்கும். 2,437 ரூபாய் என்பது 2,43,700 பைசா. 48.200 கிலோ என்பது 48,200 கிராம். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 1,17,46,340 பைசா. எங்கும் புள்ளி இல்லை, பிசிறும் இல்லை. 2.5 சதவீதம் என்பது நாற்பதில் ஒரு பங்கு. அரையை மேலே தள்ள, வகுக்கும் முன் நாற்பதில் பாதியான 20-ஐக் கூட்ட வேண்டும் (// என்பது முழு எண்ணை மட்டும் தரும் வகுத்தல்):

(11746340 + 20) // 40 = 293659

அதாவது 2,936.59. கணக்குப்பிள்ளையின் விடை.

இதை எழுதி முடித்து நிம்மதியாக இருந்தேன், முதல் சரக்குத் திருப்பும் பில் வரும் வரை. அதே லாட் திரும்பி வந்தது, தொகைக்கு முன்னால் கழித்தல் குறி. நிரல் போட்டது:

(-11746340 + 20) // 40 = -293658

விற்கும்போது 2,936.59, திருப்பும்போது 2,936.58. இரண்டையும் நேர்செய்தால் பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் ஒரு பைசா தொங்கியது. பைத்தானில் இரட்டைச் சாய்கோட்டு வகுத்தல் எப்போதும் கீழ்நோக்கியே போகும். கழித்தல் எண்ணுக்கு அரையைக் கூட்டினால் அது பூஜ்யத்தின் பக்கம் நகர்ந்துவிடும். குறியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, நேர் எண்ணை முழுமையாக்கி, பிறகு குறியை ஒட்டுங்கள். இரண்டே வரி வேலை. ஒரு மாத இருப்புக்கணக்கைத் தேடிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

படி 4: விதியின் பெயரைச் சொல்லுங்கள்

"ரவுண்டு செய்" என்று மட்டும் சொன்னால் ஒவ்வொரு கருவியும் தன் ஊர் வழக்கப்படி செய்யும்:

| கருவி | 0.5 | 1.5 | 2.5 | -2.5 |
|---|---:|---:|---:|---:|
| பைத்தான் ரவுண்ட் | 0 | 2 | 2 | -2 |
| ஜாவாஸ்கிரிப்ட் மேத்.ரவுண்ட் | 1 | 2 | 3 | -2 |
| எக்செல் ரவுண்ட் | 1 | 2 | 3 | -3 |
| எக்செல் மேக்ரோவில் (வி.பி.ஏ.) ரவுண்ட் | 0 | 2 | 2 | -2 |
| போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்) நியூமெரிக் ரவுண்ட் | 1 | 2 | 3 | -3 |

மூன்றாவது, நான்காவது வரிகளைப் பாருங்கள். ஒரே கோப்பு, ஒரே பெயர், கட்டத்தில் எழுதினால் ஒரு விடை, மேக்ரோவில் எழுதினால் வேறு விடை.

இரட்டைப்படை விதியை மட்டமாக நினைக்க வேண்டாம். சரியாக அரையில் நிற்கும் எண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால், எல்லாவற்றையும் மேலே தள்ளும்போது மொத்தம் மெல்ல வீங்கும். பாதியை மேலே, பாதியைக் கீழே அனுப்பினால் சமன்படும். அளவைத் தரவுக்கும் சராசரிக்கும் அதுதான் நல்லது. டெசிமல் தொகுதியும் அதையே இயல்பாக வைத்திருக்கிறது, நான் மாட்டிக்கொண்டதும் அங்கேதான். டெசிமல் பயன்படுத்திவிட்டேன், இனி கவலையில்லை என்று, தசம இடங்களை முழுமையாக்கும் குவாண்டைஸ் கட்டளையில் விதியைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டேன்.

வரிக்கு நம் விருப்பம் செல்லாது. மத்திய ஜிஎஸ்டி சட்டம், 2017-இன் 170ஆம் பிரிவு, செலுத்த வேண்டிய வரித் தொகையை அருகிலுள்ள ரூபாய்க்கு முழுமையாக்கச் சொல்கிறது: ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக்க வேண்டும், குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும். பைத்தானின் ரவுண்ட்(1234.5) தருவது 1234. சட்டம் கேட்பது 1235. குவாண்டைஸில் ரவுண்ட்-ஹாஃப்-அப் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

முழுமையாக்காமல் வெறுமனே வெட்டுவது எல்லாவற்றையும்விட மோசம். வான்கூவர் பங்குச்சந்தை 1982-இல் தன் குறியீட்டை 1000-இல் தொடங்கியது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்குப் பிறகும் மூன்றாவது தசமத்துக்கு மேல் உள்ளதை வெட்டி எறிந்தது. நாளுக்கு ஆயிரக்கணக்கான முறை. 1983 நவம்பரில் குறியீடு 524 அளவில் கிடந்தது. திருத்திக் கணக்கிட்டபோது 1098-க்கு மேல் வந்தது. சந்தை விழவே இல்லை, வெட்டப்பட்ட துணுக்குகளே அத்தனை புள்ளிகளையும் தின்றிருந்தன.

படி 5: ஒரு முறை, ஒரே இடத்தில்

முழுமையாக்கிய எண்ணை எடுத்து மீண்டும் கணக்குப் போடாதீர்கள். பில்லில் அச்சாகும் தொகை இதற்கு விலக்கு. அச்சானபின் அதுதான் உண்மையான எண், கூட்டலும் அதை வைத்தே நடக்க வேண்டும். இல்லாவிட்டால் எக்செலில் நடப்பது நடக்கும். 2,936.585 என்று இரண்டு கட்டங்களில் இருக்கட்டும், தசமம் இல்லாமல் காட்டச் சொல்லுங்கள். திரையில் 2,937, அதன் கீழே 2,937, கூட்டலில் 5,873. எக்செல் தப்புச் செய்யவில்லை. உள்ளே இருப்பதைக் கூட்டி, வெளியே தெரிவதை மட்டும் சுருக்கியது. ஆனால் தாளைக் கையில் வாங்குகிறவர் 5,874 என்றுதான் கூட்டுவார். காட்டும் எண்ணே உள்ளேயும் இருக்கட்டும் என்று சொல்ல எக்செலில் ஒரு விருப்பத்தேர்வு உண்டு. அதைத் தொடாதீர்கள். அது கோப்பு முழுவதிலும் உள்ள எண்களை நிரந்தரமாக முழுமையாக்கிவிடும். தேவையான கட்டத்தில் ரவுண்ட் எழுதுவதே வழி.

பங்கு பிரிப்பது தனிக் கலை. பூப்பாறையிலிருந்து மூன்று பேரின் மூட்டைகளை ஏற்றி வந்த ஜீப்புக்கு வாடகை 1,000 ரூபாய் என்றால் ஆளுக்கு 333.33, மொத்தம் 999.99. மீதிப் பைசாவை யார் தலையில் வைப்பது? முதலில் எல்லோருக்கும் கீழ்நோக்கி வெட்டிக் கொடுங்கள். மிஞ்சியதை, யாருடைய வெட்டப்பட்ட துணுக்கு பெரிதோ அவரிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு பைசாவாகச் சேருங்கள். துணுக்குகள் சமம் என்றால் பட்டியலில் முதலில் இருப்பவர். சதவீதப் பத்தி 99.9 என்று நிற்கும்போதும் இதே வழிதான்.

சராசரி விலைக்கு ஓர் எச்சரிக்கை. 50 கிலோ 2,400 ரூபாய்க்கும் 10 கிலோ 2,700 ரூபாய்க்கும் போனால் சராசரி 2,450. விலைப் பத்தியை மட்டும் சராசரி எடுத்தால் வரும் 2,550-ஐ எத்தனை தசமத்துக்கு அழகாக முழுமையாக்கினாலும் பயனில்லை.

பில்லின் அடியில் "ரவுண்ட் ஆஃப்" என்று ஒரு வரி வருமல்லவா, அதையும் ஒரு பத்தியாகவே சேமியுங்கள். 1,17,463.40 கூட்டல் 5,873.18 என்றால் 1,23,336.58. வாங்குவது 1,23,337. வித்தியாசம் கூட்டல் 0.42. 2011 ஜூன் 30 முதல் 25 பைசா நாணயமும் அதற்குக் கீழுள்ளவையும் செல்லாது, அதனால் கையில் கொடுக்கும்போது பைசா தானே உதிர்ந்துவிடும். வங்கி வழியாக வரும்போது உதிராது. அந்தப் பத்தி இல்லாவிட்டால் மாதக்கடைசியில் இரண்டையும் பொருத்த முடியாது.

படி 6: கடைசியாக அலங்காரம்

வடிவமைப்பு என்பது எண்ணுக்குச் சட்டை போடுவது. கணக்கெல்லாம் முடிந்து, திரைக்கோ தாளுக்கோ போகும் வாசலில் மட்டும் செய்யுங்கள். பாண்டாஸில் பத்தியையே சரமாக மாற்றிவிட்டால் அன்றே வம்பு தொடங்கும். ஏறுவரிசையில் அடுக்கினால் "1,17,463.40" முதலில் நிற்கும், "98,000.00" அதற்குக் கீழே போகும், ஏனெனில் 1 என்ற எழுத்து 9-க்கு முந்தியது. ஸ்டைல்.ஃபார்மட் பயன்படுத்துங்கள், அது பார்வையை மட்டும் மாற்றும். இன்னொன்று: பாண்டாஸின் ரவுண்ட், அதன் அடியில் இருக்கும் நம்பை என்ற எண்-தொகுதியின் வழியில் போகும், நூறால் பெருக்கி, முழுமையாக்கி, நூறால் வகுக்கும். அதனால் அங்கே 2.675 என்பது 2.68 ஆகும், பைத்தானின் ரவுண்டில் 2.67. இரண்டையும் கலந்து எழுதினால் பிழையைத் தேடியே தலை நரைக்கும்.

லட்சக் கால்புள்ளிக்கு வருவோம். பைத்தானின் கால்புள்ளிக் குறி 117,463.40 என்றுதான் போடும். கேரளத்துக் கட்டப்பனைக்காரரும் போடிக்காரரும் மொழியில் வேறுபட்டாலும் 1,17,463 என்பதில் ஒன்றுதான். உலாவியில் டு-லோக்கேல்-ஸ்ட்ரிங் கட்டளைக்குத் தமிழ்–இந்தியா அல்லது மலையாளம்–இந்தியா வட்டாரக் குறியைக் கொடுத்தால் தானே சரியாக வரும். பைத்தானில் லோக்கேல் தொகுதி வழியாகச் செய்யலாம், அந்த வட்டாரம் சர்வரில் நிறுவியிருக்க வேண்டும். நான் கையாலேயே எழுதிவிட்டேன்: ரூபாய்ப் பகுதியைச் சரமாக்கி, கடைசி மூன்று இலக்கத்தை வெட்டி வைத்து, மீதியை வலமிருந்து இரண்டிரண்டாக வெட்டி, கால்புள்ளியால் கோப்பது. 12345678 இப்படி 1,23,45,678 ஆகும். கழித்தல் குறியை முன்பே கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் -12345 என்பது "-,12,345" என்று பல்லிளிக்கும்.

எக்செலில் தனிப்பயன் வடிவமாக இதைக் கொடுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00

நேர் எண்களுக்கு நன்றாக வேலை செய்யும். கழித்தல் எண்கள் மூன்றாவது பகுதியில் விழுவதால் மறுபடியும் மில்லியன் கால்புள்ளிக்குப் போய்விடும். திருப்பும் பில்களுக்குத் தனிப் பத்தி வைத்து நேர் எண்ணாகவே காட்டுவது என் வழி.

கால்புள்ளியோடு சிஎஸ்வி கோப்பில் எழுதாதீர்கள், அங்கே பத்திகளைப் பிரிப்பதே கால்புள்ளிதான். 1,17,463.40 மூன்று பத்திகளாகச் சிதறும்: 1, 17, 463.40.

மற்றவை சின்ன விஷயங்கள். எண் பத்தி வலப்பக்கம் ஒட்டட்டும், ஒரே பத்தியில் எல்லா வரிகளுக்கும் ஒரே தசம இடம், அலகு தலைப்பில் ஒரு முறை மட்டும். வலைப்பக்கத்தில் டேபுலர்-நம்ஸ் எழுத்துரு அமைப்பைப் போடுங்கள், 1-உம் 8-உம் ஒரே அகலத்தில் நிற்கும். சரக்கு கொண்டுவராதவருக்குக் கோடு, கொண்டுவந்து எல்லாம் கழிவானவருக்கு 0. இரண்டையும் பூஜ்யமாக்கினால் அவர் வந்தாரா இல்லையா என்பதே தெரியாமல் போகும். -0.004-ஐ இரண்டு தசமத்துக்குக் காட்டினால் -0.00 என்று வரும். கழித்தல் பூஜ்யத்தைப் பார்த்து ஒரு விவசாயி, "நான் ஒன்றும் பாக்கி வைக்கவில்லையே?" என்று கேட்டிருக்கிறார். பைத்தான் 3.11 முதல் வடிவக் குறியில் 'இசட்' சேர்த்தால் அந்தக் குறி மறையும்.

படி 7: சோதனைக் கோப்பு

எளிய எண்களை வைத்துச் சோதித்தால் எல்லாமே சரியாக வரும். அரையில் நிற்பவை, அதன் கழித்தல் வடிவம், பூஜ்யம், காலியிடம், 99,999.995 போல இலக்கம் கூடும் எண், ஒரு கோடிக்கு மேல் ஒன்று: இவை கட்டாயம் இருக்கட்டும். 99,999.995 மேலே போனால் 1,00,000.00 ஆகி ஒரு கால்புள்ளி கூடுகிறதா, பத்தியின் அகலம் போதுகிறதா என்று தாளில் அச்சிட்டே பாருங்கள். விடைகளை நிரலைக் கொண்டு உருவாக்காமல் கையால் கணக்கிட்டு எழுதுங்கள்.

என் கோப்பின் முதல் இரண்டு வரிகள் அந்த லாட்தான். 48.200, 2437, உள்ளூர்: 2936.59, 2936.59. 48.200, 2437, குமுளி: 5873.17. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பைசா வித்தியாசம் இன்றும் இருக்கிறது. ஏன் இருக்கிறது என்பதைப் பக்கத்திலேயே கருத்துரையாக எழுதி வைத்திருக்கிறேன், கணக்குப்பிள்ளை மாறினால் அடுத்தவரும் கேட்பார்.